திரும்பி வராத நந்தன்

எங்கள் தாத்தாவுக்குத் தெருவில் 'நந்தனார்' என்றுதான் பெயர். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் கலாசியாக வேலைக்குச் சேர்ந்து அங்கேயே ரிடையர் ஆனவர். சம்பளப் பட்டியலில் இருந்த பெயர் வேறு. ஆடி மாசம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற திருவிழாவில் விடிய விடிய நாடகம் நடக்கும். பலகை அடித்த மேடை, வாடகைப் படுதா, ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக்கு. பகலெல்லாம் பட்டறையில் சுத்தியல் பிடித்த கைகள் ராத்திரி அரிதாரம் பூசிக்கொள்ளும். பல வருசம் நந்தனார் வேஷம் தாத்தாவுடையது. நான் பிறப்பதற்கு முன்பே அந்த நாடகம் நின்றுபோய்விட்டது. ஆனாலும் தெருவில் வயசானவர்கள் யாரைக் கேட்டாலும் அவர் தீயில் இறங்கின காட்சியைக் கண்ணால் இப்போது பார்ப்பதுபோலச் சொல்வார்கள்.

பெரிய தாம்பாளத்தில் கற்பூரத்தைக் கொட்டிக் கொளுத்துவார்கள். தாத்தா கைகூப்பிப் பாடிக்கொண்டே சுற்றிவருவார். பிறகு அதைத் தாண்டிப் படுதாவுக்குப் பின்னால் போய்விடுவார். பொம்பளைங்க ஓவென்று அழுவார்கள். கொஞ்ச நேரத்தில், அரைகுறையாக அழிந்த அரிதாரத்தோடு அவர் பின்பக்கமாக வந்து டீ குடிப்பார். அழுத பொம்பளைங்களே, "இன்னாண்ணா, சூடு பட்டுச்சா?" என்று கேட்பார்களாம். காலையில் சங்கு ஊதும்போது நந்தனார் லோகோ கேட்டுக்குள் இருப்பார்.

தாத்தா சாவதற்குச் சில வருசம் முன்னால், 1942-இல் ஜெமினி எடுத்த 'நந்தனார்' படத்தைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். படம் வந்தபோது அவர் சின்னப் பையன், பார்த்ததில்லை. பாட்டுகளை மட்டும் ரேடியோவில் கேட்டிருக்கிறார். தண்டபாணி தேசிகர் பாடப் பாட இவரும் கூடவே முணுமுணுத்தார், தொடையில் தாளம் போட்டார். படம் முடிந்தது. நந்தன் ஆண்டவனோடு ஐக்கியமாகி மறைந்துபோனார். தாத்தா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாடா, அவ்ளோதானா? ஆளு எங்க?"

"அவ்ளோதான் தாத்தா. சாமியோட கலந்துட்டாரு."

"அது எனக்குத் தெரியாதா? நான் ஆளக் கேக்கறேன். ஆளு எங்க?"

என்னிடம் பதில் இல்லை. கிழவர் ஏமாந்துபோனார் என்று மட்டும் தெரிந்தது. மேடையில் இருந்த ஏதோ ஒன்று படத்தில் இல்லை. நாடகம் படமாகும்போது ரசிகர்கள் ஏமாறுவது புதிதல்ல. பாட்டைக் குறைத்துவிட்டார்கள், வேஷம் பொருந்தவில்லை, கதையை மாற்றிவிட்டார்கள் என்று குறைபட்டுக்கொள்வார்கள். தாத்தாவின் ஏமாற்றம் அந்த ரகம் அல்ல. அது எழுப்புகிற கேள்வி அறம் சம்பந்தப்பட்டது. ஒரு கதையை எடுத்து இன்னொரு வடிவத்தில் தருகிறவன் யாருக்குக் கடன்பட்டவன்? மூலத்தை எழுதியவனுக்கா? அதை நேசித்தவர்களுக்கா? கதைக்குள்ளே நெருப்பில் இறங்கியவனுக்கா?

நந்தன் கதைக்கு மூலம் என்று ஒன்றைப் பிடித்து நிறுத்துவதே கஷ்டம். சுந்தரர் தன் தொண்டத்தொகையில் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுக்கு விரிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாட்டில் முழுக் கதையாக்குகிறார். சேக்கிழாரின் நந்தன் ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுக்கிறவர். அதாவது கோயிலில் எழுகிற சத்தத்தில் பாதி அவர் கைவேலை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் மட்டும் உள்ளே போகக்கூடாது. தில்லை எல்லையில் நின்று ஏங்குகிறார். சிவன் நந்தன் கனவிலும் தில்லைவாழ் அந்தணர் கனவிலும் வருகிறார். அந்தணர்கள் நெருப்பு மூட்டித் தருகிறார்கள். இறங்கிய நந்தன் பூணூலும் சடையுமாக, மறைமுனிவராக எழுகிறார். பிறகுதான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனவர் மறைந்துபோகிறார்.

கவனிக்க வேண்டும். உள்ளே போனது ஆதனூர் நந்தன் அல்ல. அவரை எரித்துவிட்டு, அந்த இடத்தில் எழுந்த ஒரு பார்ப்பனரைத்தான் தில்லை ஏற்றுக்கொண்டது. தடையும் அப்படியே இருக்கிறது, கருணையும் காட்டியாயிற்று. பார்ப்பனியத்தின் சாமர்த்தியம் இதுதான்.

1860களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதி இதைக் கதாகாலட்சேபமாகப் பாடினார். காரைக்காலில் இருந்த சீசே என்ற பிரெஞ்சு அதிகாரி அதில் சொக்கிப்போய் அச்சேற உதவினார். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ சாற்றுகவி தரத் தயங்கினார். இலக்கணப் பிழை இருக்கிறது, பெரியபுராணத்துக்கு மாறாக இருக்கிறது என்பது அவர் குறை. பாரதி பாடக் கேட்ட பிறகுதான் மனம் இறங்கினார் என்று உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். தமிழில் 'மூலத்துக்கு விசுவாசமாக இல்லை' என்ற புகார் நந்தன் கதைமேல் அன்றைக்கே வந்துவிட்டது.

அப்படி என்ன மாற்றினார்? பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பார்ப்பனப் பண்ணையாரை, வேதியரை, உள்ளே கொண்டுவந்தார். நந்தனை அவருடைய பண்ணையாள் ஆக்கினார். சிதம்பரம் போக லீவு கேட்கிற பண்ணையாளிடம், நாற்பது வேலி நிலத்தை ஒரே ராத்திரியில் விளைத்து அறுத்துக் காட்டு என்கிறார் வேதியர். ஒரு வேலி என்பது ஆறேமுக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பது வேலி என்றால் சுமார் 265 ஏக்கர். 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர் மிராசுதாரும் பண்ணை அடிமையும் புராணத்துக்குள் நடந்து வந்துவிட்டார்கள். மூலத்துக்கு விசுவாசமில்லாத இந்த இடம்தான் பாரதியின் நூலில் இருப்பதிலேயே உண்மையான இடம். மகாவித்வானுக்குப் பிழையாகப் பட்டது சேரிக்குச் சரியாகப் பட்டது. தாத்தா நாடகத்தில் சிவகணங்கள் ராவோடு ராவாக நாற்பது வேலியையும் அறுத்துப் போடும்போது கூட்டத்திலிருந்து எவனாவது கத்துவானாம்: "யப்பா பூதமே, அப்டியே என் ஷிப்டயும் பாத்துட்டுப் போ!" மேடையில் வேதியர் நந்தன் காலில் விழுகிற காட்சிக்கு விசில் பறக்குமாம். அந்த ஒரு நிமிசத்துக்காகவே காசு போட்டு நாடகம் வைத்தார்கள் என்று தோன்றுகிறது.

எனவே மூலத்துக்கு விசுவாசம் என்பதை நாம் அளவுகோலாகக் கொள்ள முடியாது. விசுவாசம் என்ற சொல்லே ஆண்டை பாஷை. மாற்றியது யாருக்காக என்பதுதான் கேள்வி.

சினிமாவுக்கு வருவோம். 1935-இல் 'பக்த நந்தனார்' வந்தது. நாடக மேடையின் ராணியாக இருந்த கே.பி. சுந்தராம்பாள், கணவர் கிட்டப்பா 1933-இல் இறந்தபின் ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றிருந்தவர். நந்தன் வேஷத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு லட்ச ரூபாய் சம்பளம் பேசினார்கள். அந்தக் காலத்தில் நாடே வாய்பிளந்த தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாதய்யர். எதிர்பார்ப்பு வானத்தைத் தொட்டது. படம் வந்ததும் கல்கி ஆனந்த விகடனில் கிழித்துப்போட்டார். மரமும் எருமையும் ஆடும்தான் நன்றாக நடித்திருக்கின்றன என்ற கேலி இன்றைக்கும் சினிமா சரித்திரக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. கேலி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கேலியை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். மேடையில் பாட்டு எல்லாவற்றையும் மூடிவிடும். கேமரா அப்படி விடாது. மரத்தைக் காட்டும், எருமையைக் காட்டும், அது நிற்கிற சேற்றையும் காட்டும். படம் பார்த்தவர் கண் அங்கேதான் போயிருக்கிறது. அந்த எருமையை ஓட்டுகிறவன், அந்தச் சேற்றில் இறங்குகிறவன், அவன் தோலும் குரலும் படத்தில் இருந்ததா என்ற கேள்வி மட்டும் விமர்சனத்துக்குள் வரவே இல்லை. லட்ச ரூபாய் சம்பளம் பேச்சாயிற்று, ஸ்வரம் தப்பியதா என்பது பேச்சாயிற்று. சேரி மட்டும் பேச்சாகவில்லை.

அந்த 1935 அக்டோபர் 13-ஆம் தேதிதான் இயோலாவில் அம்பேத்கர், இந்துவாகப் பிறந்தது என் கையில் இல்லை, ஆனால் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். திரையில் ஒரு தாழ்த்தப்பட்டவன் கோயிலுக்குள் போக உருகிக்கொண்டிருக்கிறான். வெளியே இன்னொருவர், உன் கோயிலே எனக்கு வேண்டாம் என்கிறார்.

ஏழு வருசம் கழித்து, அதே ஆனந்த விகடன் அதிபர் எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டுடியோவில் மறுபடி நந்தனாரை எடுத்தார். முருகதாசா டைரக்ஷன், தண்டபாணி தேசிகர் நந்தன், செருகளத்தூர் சாமா வேதியர். பாட்டு பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும். பாட்டுகள் வீடு வீடாகப் போயின. அப்போது 1939-இல் மதுரை மீனாட்சி கோயில் நுழைவு நடந்து முடிந்திருந்தது, சட்டமும் வந்திருந்தது. கதவைத் திறந்துவிட்டோம், இனி உனக்கு என்ன குறை என்று சாதி இந்து மனசாட்சி தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம். அதற்குத் தோதாக அழுதுகொண்டே நிற்கிற ஒரு நந்தன் கிடைத்தார். அந்த 1942 ஜூலையில்தான் நாகபுரியில் அம்பேத்கர் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தைத் தொடங்கினார். அழாமல் ஓட்டும் பங்கும் கேட்ட நந்தன்கள் அங்கே கூடியிருந்தார்கள். படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இப்போது தாத்தாவின் கேள்விக்குத் திரும்பலாம். ஆளு எங்க?

எங்கள் தெரு நாடகத்தில் ஆள் திரும்பி வந்தார். கற்பூரத்தைத் தாண்டிப் போனவர் டீக்கடையில் நின்றார். கதைப்படி நந்தன் எரிந்தாலும், எங்கள் கண்முன் ஒரு நந்தன் எரியாமல் வந்தார், கடன் கேட்டார், பீடி பற்றவைத்தார். தில்லைவாழ் அந்தணர் வேஷம் போட்டவரும் பக்கத்து வீட்டுக்காரர்தான். நெருப்பு மூட்டியவனும் இறங்கியவனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பொறை தின்றார்கள். கதை சொன்ன தீர்ப்பை மேடைக்குப் பின்னால் நடந்தது ஒவ்வொரு வருசமும் ரத்துசெய்தது. எங்கள் ஜனங்கள் அந்த நாடகத்தை ஏன் அவ்வளவு நேசித்தார்கள் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இது. படத்தில் பின்பக்கம் கிடையாது. மறைந்தவர் மறைந்தவர்தான். கடவுள் மிஞ்சுகிறார், கோயில் மிஞ்சுகிறது, வசூல் மிஞ்சுகிறது. ஆளைக் காணோம்.

இத்தோடு முடித்துக்கொண்டால் நான் பாதி பொய் சொன்னவன் ஆவேன். நம்முடைய நாடகம் நல்லது, அவனுடைய சினிமா கெட்டது என்று சொல்வது சுகமாக இருக்கும். எங்கள் வீட்டிலேயே அதற்கு ஒரு மறுப்பு இருந்தது. ஆயாவுக்கு அந்த நாடகம் பிடிக்காது. ஒவ்வொரு வருசமும் கூழ் ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுமாம். ஏன் ஆயா என்று கேட்டால் ஒரே பதில்தான்: "குளிச்சா போவாத அழுக்கு இன்னாடா அழுக்கு? கோயிலுக்குப் போறவன் குளிச்சிட்டுப் போனா போதாதா, கொளுத்திக்கினு போவணுமா?"

தாத்தா சிரிப்பார். "பாட்டக் கேளுடி, பாட்டு எப்டி கீது" என்பார். ஆயா, "பாட்டு நல்லாத்தான் கீது. அதான் பயமா கீது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடும்.

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் நந்தனைப் பற்றி நான் கேட்ட எந்த வகுப்பிலும் இந்தக் கேள்வி வரவில்லை. பக்தி, உருக்கம், இசைநயம் என்று எழுதினால் மார்க் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஆயாவுக்குத் தெரிந்திருந்தது: நல்ல பாட்டு, கெட்ட காரியத்தை விழுங்க வைக்கும். டீக்கடையில் ஆள் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் மேடையில் அவர் தீக்குள் போனதற்குக் கைகூப்பி அழுததும் நாம்தான். அவமானத்தை அழகாகச் சொன்னால் அதை நேசிக்கப் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்துக்கு நாமும் பொறுப்பு.

ஏனென்றால் நமக்கு நெருப்பு கற்பூரம் மட்டும் அல்ல. பெரம்பூரை ஒட்டிய புளியந்தோப்பில் 1921-இல் பி அண்டு சி மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. மூன்று வருசம் முன்னால், 1918-இல், இந்த நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்த அதே மில் பகுதி. ஒரே தறியில் நின்றவர்களைச் சாதி இரண்டாகப் பிரித்தது, எரிந்தது சேரி. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழவெண்மணியில், கூலி கேட்ட குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். பாரதியின் வேதியர் நாற்பது வேலி கேட்ட அதே தஞ்சைச் சீமை. யாரும் மறைமுனிவராக எழுந்து வரவில்லை. கரிக்கட்டையாகத்தான் எடுத்தார்கள். வெண்மணிக்குப் பிறகும் நந்தன் தீக்குள் போகிற காட்சியில் பக்தியால் கண்ணீர் வருகிறது என்றால் அந்தக் கண்ணீரைச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

இந்திரா பார்த்தசாரதி 1978-இல் 'நந்தன் கதை' நாடகம் எழுதியபோது, தீயை அதிசயமாக அல்ல, மேல்சாதிகள் கூடிச் செய்த சதியாகக் காட்டினார். அது பெரிய மாற்றம். நம்முடைய மறுவாசிப்போ அதற்கு வெகுகாலம் முந்தியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் பண்ணையாள் அல்ல, பௌத்த அரசன், வஞ்சகத்தால் கொல்லப்பட்டவன் என்று எழுதினார். சரித்திரச் சான்று எங்கே என்று கேட்பவர்கள், தீயில் இறங்கிப் பூணூலோடு எழுந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டதில்லை. அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட 'தீண்டப்படாதவர்கள்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். தீண்டப்படாதோர் முன்னாள் பௌத்தர் என்று வாதிடுகிற நூல் அது. நந்தன் என்கிற மனிதரை அவர் மதித்தார், அவரை எரித்த கதையை மதிக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நெருப்பை என்ன செய்வது என்பதையும் அவர் முன்பே காட்டியிருந்தார். 1927 டிசம்பர் 25-இல் மகாத்தில் மனுஸ்மிருதியைக் கொளுத்தினார். எரிய வேண்டியது எழுதி வைத்த இழிவு.

அப்படியானால் நந்தன் கதையைச் சரியாக மாற்றியவர் யாருமே இல்லையா? இருவரைச் சொல்லலாம்.

ஒருவர் என்.எஸ். கிருஷ்ணன். நந்தனார் காலட்சேபத்தையே திருப்பிப்போட்டுக் 'கிந்தனார்' செய்தார். 1949-இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இருக்கிறது. நந்தன் சிதம்பரம் போக ஏங்கினார். கிந்தன் பட்டணம் போய்ப் படிக்க ஏங்குகிறான். ரயில் ஏறுகிறான். படித்து அதிகாரியாகித் திரும்பி வருகிறான். கவனியுங்கள், திரும்பி வருகிறான். ஒருத்தன் படித்து மேலே வந்தால் சாதி போய்விடுமா என்று இன்றைக்கு நாம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனாலும் தில்லைத் தீயை ரயில் எஞ்சின் தீயாக மாற்றியது சின்ன விஷயமில்லை. தாத்தா லோகோவில் பழுதுபார்த்தது அந்த எஞ்சின்களைத்தான். ஐ.சி.எஃப்.பில் 1955-இலிருந்து பெட்டி செய்கிறோம். நாம் செய்த பெட்டியில் ஏற எவனும் நம்மைக் குளித்துவிட்டு வரச் சொல்லவில்லை, கொளுத்திக்கொண்டு வரவும் சொல்லவில்லை. டிக்கெட்தான் கேட்டான்.

இன்னொருவர் சுவாமி சகஜானந்தர். சிதம்பரத்திலேயே, 1916-இல், நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கி ஆதிதிராவிடப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் கதை எழுதவில்லை, படம் எடுக்கவில்லை. நந்தன் மறைந்ததாகச் சொல்லப்பட்ட அதே ஊரில் நந்தன் பெயரில் பிள்ளைகளை உட்காரவைத்தார். தாத்தா கேட்ட 'ஆளு எங்க?' என்ற கேள்விக்கு அவர் கேட்கும் முன்பே கிடைத்திருந்த பதில் இது. அந்த ஊரிலேயே நந்தன் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசல் அடைப்பை அகற்றக் கோரி 2010-இல் போராட்டம் நடந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

சினிமா என்ற கருவிமேல் எனக்குக் கோபம் இல்லை. 2014-இல் பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' வந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்கள் தியேட்டரில் தங்கள் சுவரை, தங்கள் கேரம் போர்டை, தங்கள் சாவு மேளத்தைப் பார்த்தார்கள். கேமரா அதேதான். அதன் பின்னால் நின்றவர், படம் முடிந்து தெருவில் எங்களைப் பார்த்துப் பேச வேண்டியவர். அந்தப் பயமும் உறவும் படத்துக்குள் தெரிந்தது.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு என் பதில் இது. கதையை எடுப்பவன் மூலத்துக்குக் கடன்பட்டவன் அல்ல. நேசித்தவர்களுக்குக்கூட முழுக்கக் கடன்பட்டவன் அல்ல; நேசிப்பும் நம்மை ஏமாற்றும், ஆயா சொன்னதுபோலப் பாட்டு பயமுறுத்த வேண்டும். அவன் கடன்பட்டது நெருப்பில் இறக்கப்பட்டவனுக்கு. அவனை ஆளாக வெளியே கொண்டுவந்து நிறுத்தாத எந்த வடிவமும், எத்தனை நல்ல பாட்டு இருந்தாலும், மறுபடி ஒருமுறை அவனை எரிக்கிறது. இந்தக் கடன் சினிமாக்காரருக்கு மட்டுமல்ல. நாளைக்கு நந்தனைப் பற்றி நாடகம் போடப்போகிற, கவிதை எழுதப்போகிற நமக்கும்தான்.

தாத்தா செத்தபோது தெருப்பையன்கள் பேனரில் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டார்கள். சம்பளப் பட்டியல் பெயரைப் போட்டால் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது என்றார்கள். 'நந்தனார்' என்று அடைப்புக்குறியில் போட்டோம். ஆயா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மயானத்துக்குக் கிளம்பும்போது மட்டும் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது: "பொதச்சிட்டு வாங்கடா. கொளுத்தாதீங்க."

புதைத்தோம்.